களப்பணியில் யாருடைய மணிக்கணக்கு?

பருவத்தின் கடைசி வாரம். முதுகலை சமூகப்பணி படிக்கும் மாணவர் ஒருவர் 22 களப்பணி அறிக்கைகளைக் கட்டாக என் மேசைமேல் வைத்து, "மேடம், கையெழுத்து வேண்டும். நாளை வாய்மொழித் தேர்வு" என்றார். புரட்டிப் பார்த்தேன். "பயனாளியுடன் நல்லுறவு ஏற்படுத்தினேன்" என்ற வாக்கியம் 14 அறிக்கைகளில் இருந்தது. எப்படி ஏற்படுத்தினார் என்று ஓரிடத்திலும் இல்லை. நான் என்ன செய்தேன்? கையெழுத்துப் போட்டேன். 22 கையெழுத்துகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தேறிவிட்டார். இன்று எங்கோ குழந்தைகளோடு வேலை பார்க்கிறார். நடந்து பல ஆண்டுகளாகின்றன, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது. ஆகவே கீழே யாரையாவது குறை சொல்கிறேன் என்றால், அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சமூகப்பணி மாணவர்கள் சில நாள் வகுப்பில் இருப்பார்கள், சில நாள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், பள்ளி, சிறை என்று ஏதாவது ஓர் இடத்துக்குப் பயிற்சிக்குப் போவார்கள். அந்த நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர், பல்கலைக்கழகத் துறையில் ஒரு மேற்பார்வையாளர் என்று இரண்டு பேர் பொறுப்பு. இரண்டு பேர் பொறுப்பு என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவோம்.

மாணவர் களத்தில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் குவிந்து கிடக்கிறது. வருகைப் பதிவேடு, நிறுவன முத்திரை, இப்போது இடமும் நேரமும் காட்டும் புகைப்படம் வேறு. அந்த மாணவருக்காக மேற்பார்வையாளர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் வாதம் இவ்வளவுதான்: முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை.

நான் மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதன்முறையாகத் தனியாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர் மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, துணைக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரித்து வர வேண்டும். கையில் நோட்டு, பையில் 18 கேள்விகள் கொண்ட படிவம். "ம்", "இல்லை", "பார்க்கலாம்" என்ற மூன்று பதில்களிலேயே 18 கேள்விகளையும் அவர் முடித்துவிட்டார். அன்று இரவு அறிக்கையில் எழுதினேன்: "பயனாளி ஒத்துழைக்கவில்லை."

என் மேற்பார்வையாளர் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார். சிவப்பு மையைத் தொடவே மாட்டார், பென்சில்தான். அந்த வாக்கியத்தின் கீழ் மெல்லிய கோடு ஒன்று இழுத்திருந்தார். எதிரில் உட்கார வைத்துக் கேட்டார்.

"அந்த வீட்டில் நீ எங்கே உட்கார்ந்தாய்?"

"நாற்காலியில், மேடம்."

"அந்த அம்மா?"

"கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்."

"மொத்தம் எத்தனை நாற்காலி இருந்தது?"

ஒன்றுதான் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவரை, அவருடைய வீட்டில், அவருடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். "உட்காரம்மா" என்று அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மையார் என்னைத் திட்டவில்லை. "அடுத்த முறை போகும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டு நான் யோசித்து முடிக்கும் வரை சும்மா இருந்தார். மொத்தம் 40 நிமிடம் ஆகியிருக்கும். அதில் அவர் பேசியது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம்.

பெர்தா ரெனால்ட்ஸ் என்ற அமெரிக்க சமூகப்பணி ஆசிரியை 1942இல் இந்தத் தொழிலைக் கற்பவர்கள் கடந்துபோகும் கட்டங்களை விவரித்தார். முதல் கட்டத்தில் ஆளுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே தலைக்கு மேல் இருக்கும், எதிரில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். அந்த நாற்காலியில் இருந்த நான் அதற்கு அச்சு அசலான உதாரணம். களத்தில் கிடந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 20 ஆண்டு அனுபவத்தோடு இன்றும் அதே நாற்காலியிலிருந்து எழாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். களம் அவர்களுக்கு வேண்டிய அளவு கிடைத்தது. பென்சிலோடு யாரும் கிடைக்கவில்லை.

வரலாற்றைப் பார்த்தாலும் களம் முதலில் வந்தது, வகுப்பறை பிறகுதான் வந்தது. லண்டனில் ஏழைகளின் நடுவே தங்கிப் பணி செய்யும் இல்லமான டாய்ன்பி ஹால் தொடங்கிய 1884இலும், சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அதே போன்ற ஹல் ஹவுஸைத் திறந்த 1889இலும் சமூகப்பணி என்று ஒரு பட்டம் கிடையாது. ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்த தன்னார்வலர்களை அறக்கொடைச் சங்கங்களின் சம்பளப் பணியாளர்கள் வழிநடத்தினார்கள். மேற்பார்வை என்ற பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. இதற்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அமெரிக்க சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் டொராண்டோவில் நடந்த அறப்பணி மாநாட்டில் கேட்டது 1897இல். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. 1936இல் மும்பையில் டாடா சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கி நடத்திய கிளிஃபர்ட் மன்ஷார்டும் அதற்கு முன்பே அந்நகரின் நாக்பாடா பகுதியில் அக்கம்பக்கத்து மக்களுக்கான ஓர் இல்லத்தை நடத்திவந்தவர். ஆக, மேற்பார்வை பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. பிறகு வந்த பல்கலைக்கழகம் அதைத் தேர்வு, மதிப்பெண், படிவம் என்று தனக்குப் பழகிய சட்டத்துக்குள் அடைத்தது. படிவத்தில் அடங்காததுதான் உதிர்ந்துபோனது.

உதிர்ந்தவற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் ஒன்று உரையாடல் பதிவு. நடந்த பேச்சை நினைவிலிருந்து அப்படியே, நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்வோம். இடப்பக்கம் பேச்சு. நடுவில், அந்த நேரத்தில் என் மனதில் என்ன ஓடியது. வலப்பக்கம் மேற்பார்வையாளருக்கு. எழுதுவது நரகவேதனை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆனால் இரண்டாவது பகுதியில் "அவர் அழத் தொடங்கியதும் பேச்சை மாற்றினேன், எனக்குப் பயமாக இருந்தது" என்று ஒரு மாணவி எழுதிவிட்டால், அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்யலாம். இன்று பல இடங்களில் இதைக் கைவிட்டு, நோக்கம், செயல்பாடு, விளைவு என்று அரைப் பக்கச் சுருக்கம் போதும் என்கிறார்கள். மிச்சமிருக்கும் இடங்களிலும் அந்த மூன்றாவது பகுதி வெறும் வெள்ளையாகவே திரும்பி வருகிறது. தன் எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தவர் எதற்கு உண்மையை எழுத வேண்டும்? 14 முறை "நல்லுறவு" வந்தது அந்த மாணவரின் சோம்பலால் மட்டும் அல்ல. நான் படிக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இன்னொரு கூத்து. ஒற்றுப்பிழைகூட இல்லாமல், பத்திக்குப் பத்தி அளந்து வைத்தாற்போல, செயற்கை நுண்ணறிவு எழுதிய அறிக்கைகள் வருகின்றன. மொழி சுத்தமாகிவிட்டது என்று சில ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி. பயனாளியின் குடும்பக் கதை எந்தக் கணினிக்குள் ஏற்றப்பட்டது என்று கேட்பவர் குறைவு. இடம் காட்டும் புகைப்படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது. போதை மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையில் இருக்கும் மனிதரைத் தோளில் கைபோட்டுப் படமெடுத்து, "களப்பணி நாள் 9" என்று தலைப்பிட்டு ஒப்படைக்கிறார்கள். ரகசியம் காப்பது பற்றிய பாடத்தில் அதே மாணவர் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார். அவரைக் கேட்டுப் பயனில்லை, படம் கேட்டது நாங்கள்தான்.

ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசுவதால் அப்படி என்ன கிடைக்கிறது? வன்முறை நடக்கும் வீட்டைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு என் மாணவி ஒருவர் பணி செய்துவந்தார். மாணவி கலகலப்பானவர். மூன்றாவது வாரத்திலிருந்து என்னிடம் எதைக் கேட்டாலும் "எல்லாம் நன்றாகப் போகிறது மேடம்" என்ற ஒரே பதில். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டேன், அவர் மேலும் சுருங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணும் இவரிடம் "ஒன்றும் பிரச்சினையில்லை" என்றே சொல்லிவந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே இவர் துருவியிருக்கிறார், இங்கே நான் துருவியிருக்கிறேன். பயனாளிக்கும் பயிற்சி பெறுபவருக்கும் இடையில் நடப்பது பயிற்சி பெறுபவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் திரும்ப நடக்கும் என்பதை ஹெரால்ட் சியர்ல்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1955இலேயே எழுதியிருக்கிறார். படித்திருந்தும், என் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் அவரிடம் சொன்னேன்: "நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறேன். சொல்லத் தோன்றும்போது சொல்லுங்கள்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அழுதார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் அவரும் கேள்விகளை நிறுத்தினார். பெண் உடனே மனம் திறந்து பேசிவிட்டார் என்றெல்லாம் இல்லை. ஆனால் அடுத்த சந்திப்புக்குத் தானாகவே வந்தார்.

இதை எந்த வருகைப் பதிவேட்டில் ஏற்றுவது?

எண்களுக்கு வருவோம், ஏனென்றால் நிர்வாகத்திடம் எண்கள்தான் எடுபடும். அமெரிக்காவில் இளநிலைக்குக் குறைந்தது 400 மணி நேரம், முதுநிலைக்கு 900 மணி நேரம் களப்பணி. 2008இல் அங்குள்ள சமூகப்பணிக் கல்விக் குழு, களக்கல்விதான் இந்தத் தொழிலின் அடையாளக் கற்பித்தல் முறை என்றே அறிவித்தது. கொரோனா வந்ததும் அந்த மணிக்கணக்கில் 85 சதவீதம் போதும் என்று தளர்த்தினார்கள். 400 என்பது 340 ஆனது, 900 என்பது 765 ஆனது. வேறு வழியில்லாத காலம், குறை சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 200 நாள் பயிற்சி என்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கத்தின் விதி: 1000 மணி நேரம் களம், அதில் ஒவ்வொரு 35 மணி நேரத்துக்கும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முறையான மேற்பார்வை. பயிற்சிக்கு வந்தவரின் கணக்கோடு பயிற்சி தருபவரின் கணக்கையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் இருப்பதெல்லாம் அங்கே நடக்கிறதா என்பது வேறு பேச்சு. எழுதப்பட்டிருந்தால் ஒரு மாணவர் அதைக் காட்டிக் கேட்கவாவது முடியும்.

நிறுவன மேற்பார்வையாளர்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. பல இடங்களில் அவர்களுக்கு இது சம்பளமில்லாத கூடுதல் வேலை. தன் வழக்குகளையே முடிக்க முடியாமல் திணறும் ஒருவரிடம் நான்கு மாணவர்களை அனுப்புகிறோம். அவர் என்ன செய்வார்? கோப்பு அடுக்கச் சொல்வார், பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்யச் சொல்வார், விழா என்றால் நாற்காலி போடச் சொல்வார். மாணவருக்கும் மணிக்கணக்கு ஏறும். அமெரிக்க சமூகப்பணி அறிஞர் ஆல்ஃபிரட் கடூஷின் மேற்பார்வையின் வேலைகளை நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல் என்று மூன்றாகப் பிரித்தார். நம்மிடம் நிர்வாகம் மட்டும் மிச்சம். துறை ஆசிரியர்களின் நிலையும் இதேதான். வாரத்துக்கு இத்தனை மணி வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும், பத்துப் பன்னிரண்டு மாணவர்களின் களப்பணியைப் பார்ப்பது அதில் இருக்காது. அட்டவணையில் இல்லாத வேலை கடைசியில் வாசலில் நின்றபடி நடக்கும்: "என்னம்மா, எல்லாம் சரியாகப் போகிறதா?" "போகிறது மேடம்." மேற்பார்வை முடிந்தது.

மாணவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முழுநாளும் ஊதியமில்லாமல் களத்தில் நின்றுவிட்டு, மாலையில் பிழைப்புக்கு ஒரு வேலைக்குப் போய், இரவு உரையாடல் பதிவு எழுது என்றால் எப்படி எழுதுவார்? ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து ஆசிரியர், செவிலியர் பயிற்சியில் இருப்பவர்களோடு சமூகப்பணி மாணவர்களுக்கும், தகுதி பார்த்து, பயிற்சிக் காலத்தில் அரசு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது பற்றித் தனியாக எழுத வேண்டும்.

போன வாரம் ஒரு துறையிலிருந்து தொலைபேசி வந்தது. இந்தப் பருவத்துக்கு ஆறு மாணவர்களை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். வாரத்துக்கு ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர்தான் முடியும் என்றேன். மறுமுனையில் சற்று அமைதி.

"மேடம், நீங்கள் ரொம்பச் சிரமப்பட வேண்டாம். மற்ற நால்வருக்கும் கடைசியில் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்."

அதுதான் முடியாது என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டிருப்பார்கள். இரண்டு பேர் வருகிறார்கள், செவ்வாய்க்கிழமை ஒருவர், வியாழக்கிழமை ஒருவர், மாலை 4 மணிக்கு. உரையாடல் பதிவு முந்தைய நாள் இரவுக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.