டி மைனஸ் வாங்கிய முதலாளி

வேலையிட வாழ்க்கையைப் பற்றிய ஆடம் கிராண்டின் 'வொர்க்லைஃப்' பாட்காஸ்ட்டை எங்கள் ஆபீஸில் நாலைந்து பேர் கேட்கிறோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் உளவியல் பேராசிரியர் அவர். 2018-ல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சி அமைப்பின் வழியாக இதை ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், இரண்டு கட்சியாகிவிடுவோம். "அதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம்ம மேனேஜர்கிட்ட நடக்குமா?" என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. ஆனால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

விமர்சனத்தை ஏற்பது பற்றிய முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ்வாட்டர் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம். அதை நிறுவிய ரே டாலியோவுக்கே, அவருக்குக் கீழே வேலை செய்பவர் மெயில் போடுகிறார்: இன்றைய மீட்டிங்குக்கு நீங்கள் தயாராகவே வரவில்லை, உங்களுக்கு டி மைனஸ்தான், அதாவது கிட்டத்தட்ட ஃபெயில் மார்க்தான் என்று. டாலியோ அந்த மெயிலை மறைக்கவில்லை, கம்பெனி முழுக்கப் படிக்கவிட்டார்.

இதைக் கேட்டுவிட்டு மறுநாளே தைரியமாகப் பேசிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் எனக்குப் பயம். என் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், மீட்டிங்கில் "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. மேனேஜர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த எட்டு மாதமும் அவள் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் என் கருத்து இதுதான்: இந்த எபிசோடை முதலில் கேட்க வேண்டியவர்கள் மேலே இருப்பவர்கள். தன் தப்பைச் சொல்லுங்கள் என்று டாலியோவே கேட்டார், அதனால் அவருக்குச் சொன்னார்கள். அதைக் கீழே இருப்பவரின் துணிச்சல் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம்.

வேலையைத் தள்ளிப்போடுவது பற்றிய எபிசோட் வேறு ரகம், அதை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். நாம் தள்ளிப்போடுவது சோம்பேறித்தனத்தால் அல்ல, அந்த வேலை கிளப்பும் பயத்தையும் சலிப்பையும் தவிர்க்கத்தான் என்கிறார் கிராண்ட். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

சரி, இப்போது நானே ஆறு பேருக்கு லீட். திங்கட்கிழமை மீட்டிங்கில், "போன வாரம் நான் செய்ததில் தப்பு ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் எல்லாரும் சிரித்துச் சமாளித்தார்கள். மூன்றாவது வாரம், இருப்பதிலேயே சின்னப் பையன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல மெயில் போடாதீங்க. சனி, ஞாயிறு ரெண்டும் அதுலயே போயிடுது."

நிறுத்திவிட்டேன்.