வெளிக்காற்றை அப்படியே உள்ளே விடுவதில்லை

"வெளியே மைனஸ் 50 டிகிரி, அதனால் விமானத்துக்கு ஏசியே தேவையில்லை, அந்தக் காற்றைத் திறந்துவிட்டால் போதும்" என்று சிலர் சொல்வது பாதிகூட சரியில்லை.

36,000 அடியில் குளிர் நிஜம்தான். ஆனால் அங்கே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. சுவாசிக்கிற அளவுக்கு அதை அழுத்தியாக வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும். கேபின் அழுத்தத்துக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். பெரும்பாலான ஜெட்களில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து எடுப்பதால், ஏசி பேக்குக்கு (காற்றைக் குளிர்விக்கும் இயந்திரத் தொகுதி) வரும்போது சுமார் 200 டிகிரி இருக்கும். (போயிங் 787 விமானத்தில் மட்டும் தனி மின்சார கம்ப்ரசர்.)

பேக்கில் வெளிக்காற்றுக்கு வேலை உண்டு, ஆனால் ரேடியேட்டருக்கு வெளியே வீசும் காற்றைப் போலத்தான்: வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். கேபின் காற்று அங்கே ஒருமுறை ஆறி, மறுபடி அழுத்தப்பட்டு, மறுபடி ஆறி, கடைசியில் டர்பைனில் (காற்று தள்ளச் சுழலும் சக்கரம்) விரிகிறது. விரியும்போது வெப்பநிலை தடாலென இறங்கும். அந்த டர்பைன்தான் அதே தண்டில் உள்ள, பேக்கில் காற்றை மறுபடி அழுத்தும் கம்ப்ரசரையும் சுழற்றுகிறது. வீட்டு ஏசி மாதிரி குளிரூட்டும் கேஸ் எதுவும் இதில் இல்லை.

வெப்பநிலையைக் கூட்டக் குறைக்க, இந்தக் குளிர்காற்றில் சூடான காற்றைக் கொஞ்சம் கலப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு.

சில நேரம் கேபினுக்குள் வரும் வெள்ளைப் 'புகை'யைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள்; அது கெமிக்கல் அல்ல. புழுக்கமான நாளில் ஈரக்காற்று குளிர்காற்றோடு கலந்து உண்டாகும் பனிமூட்டம்.