"பாவம், யாராவது எடுத்துக்குங்க" என்று எழுதுவதை நிறுத்தலாமே

முகநூலில் வரும் நாய்த் தத்துப் பதிவுகள் எல்லாமே ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. காலில் கட்டோடு ஒரு நாய், சோகமான கண், கீழே நான்கு கைகூப்பு. "ரெண்டு நாள்ல ஆள் கிடைக்கலைன்னா திரும்ப ரோட்டுலதான் விடணும்." இருநூறு பேர் பகிர்வார்கள். ஐம்பது பேர் அழுகிற முகம் போடுவார்கள். போன் வருவது இரண்டோ மூன்றோ. அதிலும் ஒருவர் "லேப் குட்டி ஏதாச்சும் இருக்கா?" என்பார்.

பாவம் பார்த்து நாயை வாங்கிப் போகிறவருக்கு அந்தப் பாவம் முதல் செருப்பு கடிபடும் வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியது தகவல். இது எப்போது மூத்திரம் போகும், தனியாக விட்டால் எவ்வளவு நேரம் இருக்கும், சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா? இதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் ஃபாஸ்டர் வீடு, அதாவது தத்துப் போகும்வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு. கவனித்துக் குறித்து வைப்பதுதான் ஃபாஸ்டர் வேலையில் முக்கால்வாசி. சோறு போடுவது மிச்சக் கால்வாசி.

அதனால் தூக்கி வந்த அன்றே தத்துப் பதிவு போடாதீர்கள். குறைந்தது 14 நாள் பொறுங்கள், மூன்று வாரம் என்றால் இன்னும் நல்லது.

முதல் காரணம் நோய். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு வைரஸ்) உள்ளே போய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள், சில சமயம் இரண்டு வாரமும் ஆகும். டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய் இன்னும் சாவகாசமாக வரும். கண்ணில் பீளை, மூக்கில் பொருக்கு, இருமல் என்று சளி மாதிரி ஆரம்பித்து, பிறகுதான் வெட்டி வெட்டி இழுக்கும். இன்றைக்குத் துள்ளுகிற குட்டி நாலாம் நாள் சோறு மறுத்து ரத்தமாகப் போகலாம். அதற்குள் கைமாற்றிவிட்டால் புது வீட்டிலிருக்கும் நாய்க்கும் சேர்த்துத்தான் வினை. பார்வோ கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபீனாயில், டெட்டால் எதற்கும் அசையாது. தரையைச் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் வீண். அதோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய வழியே இல்லை. அங்கே பார்வோ வந்து போயிருந்தால், ஊசி முடியாத குட்டியை ஒரு வருடம் கொண்டு வராமல் இருப்பதுதான் நல்லது.

ஊசி விஷயத்திலும் பதிவுகளில் நிறையப் பொய் வருகிறது. ஒரு ஊசி போட்டுவிட்டு 'ஃபுல்லி வேக்ஸினேட்டட்' என்கிறார்கள். குட்டிக்கு 6–8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையும் செல்லாக்காசாக்கிவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை தவணை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் தொடங்கும். கார்டை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள். தேதி பேசட்டும்.

வெறிநோய் என்றதும் ஒன்று. வரலாறு தெரியாத ஒரு நாய் வாயைத் திறந்தபடி, தாடை தொங்கி, எச்சில் ஒழுக நின்றால் "எலும்பு மாட்டியிருக்கு" என்று வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை அப்படித்தான் தெரியும். தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல் பட்டாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அடிக்கடி ஃபாஸ்டர் எடுப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே போடும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி உண்ணி. நம் ஊர் வெக்கையில் ஃபாஸ்டர் வீடுகளின் தலையாய எதிரி இதுதான். நாய் மேல் மருந்து விட்டுவிட்டு "திரும்பத் திரும்ப வருதே" என்று புலம்புவார்கள். பழுப்பு நிற நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிப் போய் சுவர் வெடிப்பு, கதவு நிலை, கட்டில் இடுக்கு, மின்விசைப் பலகையின் பின்புறம் என்று ஏறிக்கொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயில் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், சுவரில் இருப்பதுதான் மொத்தக் குடும்பம். ஆகவே நாய்க்கு மருத்துவர் சொல்லும் மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ, எடை பார்த்து. கூடவே இடுக்குகளையெல்லாம் பூசி அடைக்க வேண்டும், படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும். பிடுங்கின உண்ணியை விரலில் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சாப்பாட்டைத்தான் விடும். ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரிந்திருக்கும். எர்லிக்கியா (உண்ணி பரப்பும் பாக்டீரியா) என்று வந்தால் வழக்கமாக டாக்ஸிசைக்கிளின் 28 நாள் எழுதுவார்கள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு. நோய் உள்ளே பதுங்கி, தத்துப் போன வீட்டில் மூன்று மாதம் கழித்து எழும். புதியவர் "நோயாளி நாயைத் தலையில் கட்டிட்டாங்க" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தானே.

இன்னொன்று. பெட்டை நாய்க்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம் போனால் 'ஹீட்' (இணைசேரும் பருவம்) என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால், அல்லது காலிஃப்ளவர் மாதிரி சதை தெரிந்தால், அது இனச்சேர்க்கையில் தொற்றும் கட்டியாக இருக்கலாம். தெரு நாய்களிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு தடவை. பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடும். மருந்து மூத்திரத்தில் வெளியேறும், அதனால் அந்த வாரங்களில் அதைத் துடைப்பவர் கையுறை போட வேண்டும். சிகிச்சை முடியும் முன் தத்துக்கு விடாதீர்கள்.

சொறிக்கு வண்டியின் கழிவு ஆயிலையும் மண்ணெண்ணெயையும் பூசும் வைத்தியம் இன்னும் சாகவில்லை. நாய் அதை நக்கும், தோலும் வெந்துபோகும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எந்தப் பூச்சி என்று தெரிந்துவிடும். ஒரு வகைப் பூச்சியால் மனிதர்களுக்கும் அரிக்கும், இன்னொரு வகை மற்ற நாய்க்குக்கூடப் பரவாது. தத்தெடுக்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி "எங்களுக்கு ஒட்டுமா?" என்பதுதான். பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் குணம். இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்.

வந்த முதல் மூன்று நாள் நாய் மூலையில் சுருண்டு கிடக்கும். தொட்டாலும் அசையாது. உடனே 'வெரி காம் டாக்' என்று பதிவு வந்துவிடும். அது சாதுவாக இல்லை, பயத்தில் உறைந்து போயிருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். அப்போதுதான் குரைப்பு, கடிப்பு, உறுமல், குறும்பு எல்லாம் வெளியே வரும். முழுசாக இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும். நாள் கணக்கு நாய்க்கு நாய் மாறும், வரிசை மாறாது. மூன்றாம் நாள் எழுதின குணம் இருபதாம் நாள் இருக்காது.

எதையெல்லாம் குறிப்பது? குக்கர் விசிலுக்கு என்ன செய்கிறது, மிக்ஸிக்கு ஓடி ஒளிகிறதா என்பது எழுத வேண்டிய விஷயம். மொசைக் தரையில் வழுக்கி நிற்க முடியாமல் பயப்படுகிறதா? மாடிப்படி ஏறத் தெரியுமா? லிஃப்ட்டுக்குள் வருமா? நான்காம் மாடி வீட்டுக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. மண்ணில் மட்டுமே மூத்திரம் போய்ப் பழகின நாய் பால்கனி டைல்ஸில் போகவே போகாது, மணிக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். ஒரு தட்டில் மண்ணோ புல்லோ வைத்துத்தான் பழக்க வேண்டும். குட்டியென்றால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டு போங்கள்.

தனியாக இருப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். ஐந்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். பழைய போன் ஒன்றை வீடியோவில் வைத்துவிட்டுப் போனால் போதும். சாப்பாட்டுத் தட்டைக் காக்கிறதா என்று பார்க்க, சிலர் காட்டுவதுபோல் தட்டுக்குள் கை விட்டுக் கிளறாதீர்கள். இல்லாத உறுமலை அது கற்றுக்கொடுக்கும். கடந்து போகும்போது இரண்டடி தள்ளி ஒரு கோழித்துண்டைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். உடம்பு விறைக்கிறதா, வேகவேகமாக விழுங்குகிறதா, நிமிர்ந்து பார்த்து வாலாட்டுகிறதா, அதை எழுதுங்கள். குழந்தையையே பார்த்திராத நாய்க்குக் 'குழந்தைகளோடு நல்லாப் பழகும்' என்று எழுதாதீர்கள். 'குழந்தைகளோடு பார்த்ததில்லை' என்பது மரியாதையான வரி.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடுவதும் தப்பு. பல வாரம் பட்டினி கிடந்த உடம்பில் திடீர்ச் சாப்பாடு உயிருக்கே ஆபத்தாகலாம். தேவையில் கால் பங்கில் தொடங்கி, நாலைந்து வேளையாகப் பிரித்து, சில நாளில் ஏற்றுங்கள். பாலும் பிஸ்கட்டும் வேண்டாம், பால் பெரும்பாலான பெரிய நாய்களுக்குப் பேதியாகும்.

பதிவைக் கடைசியில் இப்படி எழுதலாம், மாதிரிக்குச் சொல்கிறேன்: "பெட்டை, சுமார் 2 வயது, 14 கிலோ, கருத்தடை முடிந்தது, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டு உண்டு. ஊசிக் கார்டு படத்தில். காலை 6, மாலை 6, இரவு 10 மணிக்கு வெளியே போனால் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதில்லை. இரண்டு மணி நேரம் தனியாக இருக்கும், அதற்கு மேல் ஊளை. பூனையைத் துரத்தும். பட்டாசுக்குக் கட்டிலடி. எலும்பு கடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போகக் கூடாது." இதற்கு நூறு பகிர்வு வராது. பத்து வரும். ஆனால் போன் செய்கிற ஆள் பூனை இல்லாத வீட்டுக்காரராக இருப்பார்.

படம் நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில். உயரம் தெரிய ஆள் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று. கயிற்றில் நடக்கும் இருபது வினாடி வீடியோ ஒன்று. போகிற போக்கில்: 'பறையா' என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுபவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஒரு சாதிப் பெயரிலிருந்து வெள்ளைக்காரன் எடுத்து இழிசொல் ஆக்கியது அது. நாட்டு நாய் என்று நமக்கு நல்ல பெயர் இருக்கிறது.

வருகிறவர்களை வடிகட்டுவதில் கூச்சம் வேண்டாம். "காவலுக்கு வேணும்" என்றால் எங்கே கட்டுவீர்கள் என்று கேளுங்கள். மொட்டைமாடி என்று பதில் வந்தால் அங்கேயே முடிந்தது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமே பேசிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே? நகம் எத்தனை என்று எண்ணச் சொல்பவர், பைரவர் வாகனம் என்று கறுப்பு நாய் மட்டும் தேடுபவர் எல்லாம் கெட்டவர்கள் இல்லை, ஆனால் ஜோசியர் வேறு ஏதாவது சொன்னால் நாய் திரும்பி வரும். முக்கியமாக, போன் செய்தவரிடம் மட்டும் பேசி முடிக்காதீர்கள். அந்த வீட்டில் சோறு வைக்கப்போகிறவர் பெரும்பாலும் அம்மாதான். அவர் முகம் சுளித்தால் ஒப்பந்தத்தில் எத்தனை கையெழுத்து இருந்தும் பிரயோஜனமில்லை.

எடுத்த நாயைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இந்த லட்சணத்தில் சட்டத்தை நம்ப முடியாது, அதனால்தான் வடிகட்டல். டெல்லி தெரு நாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: தெரு நாயைத் தத்தெடுப்பவர் அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர். சென்னையில் என்றால் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) யார் பெயரில் என்பதையும் கைமாற்றும்போதே பேசிவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில்தான் நாய்கள் அதிகம் தொலைகின்றன. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடும். தெரியாத ஏரியா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது. கழுத்துப்பட்டை ஒன்று, ஹார்னெஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. பட்டையில் போன் நம்பர் போட்ட தகடு. கேட்டும் வாசல் கதவும் சாத்தின பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வெளியே போகும்போதெல்லாம் இதே இரண்டு கயிறுதான்.

கூடவே இதுவரை சாப்பிட்ட சாப்பாடு நாலைந்து நாளைக்கு, மருத்துவக் கோப்பு, அது படுத்துப் புரண்ட துவைக்காத போர்வை. போர்வையைத் துவைத்துக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும், வேண்டாம். புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே வாசனை அதுதான். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் போன் செய்யுங்கள். திரும்பி வந்தால் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டு எழுதி, அடுத்த பதிவில் அந்த வரியையும் சேருங்கள்.