வெறுங்கால் தடையா காரணம்?

வேலூர் கோட்டை மைதானத்தில் கால்பந்து ஆடும் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே செய்தி: “வெறுங்காலோடு ஆட ஃபிஃபா தடை போட்டதால் 1950 உலகக் கோப்பையில் இந்தியா ஆடவில்லை.” இது தவறு.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் காலில் துணி சுற்றிக்கொண்டுதான் பிரான்ஸை எதிர்த்தார்கள். 2-1 என்றுதான் தோற்றார்கள். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்! சரி, 1950-இல்? பர்மா உள்ளிட்ட அணிகள் விலகியதால் இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவு. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் போட்டியை நடத்திய பிரேசில் முன்வந்தது. பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்று சொல்லி விலகியது நம் கால்பந்து சம்மேளனம்தான். உலகக் கோப்பையை விட ஒலிம்பிக்கைப் பெரிதாக நினைத்த காலம் அது.

1952 ஹெல்சிங்கியிலும் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.