'ஈ' எண் இருந்தாலே பன்றிக் கொழுப்பா?

மிட்டாய் உறையில் 'ஈ' (E) எண் இருந்தால் பன்றிக் கொழுப்பு, ஹராம் (இஸ்லாத்தில் விலக்கப்பட்டது) என்று ஒரு வாட்ஸ்அப் பட்டியல் சுற்றுகிறது. அது தவறு. ஐரோப்பாவில் உணவில் சேர்க்கும் நிறம், கெட்டியாக்கி போன்ற பொருள்களுக்குத் தரப்படும் எண்தான் அது. ஈ100 மஞ்சளிலிருந்து எடுக்கும் நிறம். ஈ440 பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டின் என்ற கெட்டியாக்கி.

உண்மையில் கவனிக்க வேண்டியது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். ஹரிபோ கரடி மிட்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியில் விற்பதில் பன்றி ஜெலட்டின், துருக்கியில் தயாராகும் ஹலால் வகையில் மாட்டு ஜெலட்டின். பெயர் ஒன்றுதான். அதனால் தயாரித்த நாட்டையும் ஹலால் முத்திரையையும் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே பாருங்கள். எண்ணெயையும் நீரையும் கலக்க உதவும் ஈ471-ஐத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். இந்தியப் பாக்கெட்டில் பச்சை வட்டம் இருந்தால் அதில் விலங்குக் கொழுப்பு இல்லை.

அந்தப் பட்டியலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.