ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி

சென்னை லோக்கல் ரயிலில் ஏற நடைமேடையில் கூட்டம் முண்டியடிக்கிற அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இப்போதைக்கு இந்த வழியில் வண்டியைக் கூட்ட முடியாது என்று அதன் கீழே நான் எழுதிய நாலு வரிக்காக மூன்று நாளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட்டா முடிஞ்சுது, இவருக்கு ஏன் வலிக்குது?" என்கிறார் ஒருவர்.

வண்டி மட்டும் இருந்தால் போதாது சார், அது ஓடப் பாதையில் இடம் வேண்டும். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே இருப்பது மூன்று பாதை. காலையில் நாம் வேலைக்குக் கிளம்பும்போதுதான், இரவெல்லாம் ஓடிவந்த தென்மாவட்ட ரயில்களும் அதே வழியில் எழும்பூருக்கு வருகின்றன. முன்னால் போகிற வண்டி விலகினால்தான் பின்னால் நிற்கிற வண்டிக்குப் போகச் சிக்னல் விழும். புதிதாகப் பத்து வண்டி விட்டால், பத்தும் வரிசையில் நிற்கும்.

போன மாதம் பெருங்களத்தூர் தாண்டி நின்றோம். என் பக்கத்தில் இருந்தவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சார், வண்டி நிக்குது சார், சத்தியமா சார்" என்று கெஞ்சினார். அடுத்த பாதையில் விரைவு ரயில் ஒன்று கடந்துபோனது. அதற்கப்புறம்தான் நாங்கள் நகர்ந்தோம். அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"அப்போ எக்ஸ்பிரஸையெல்லாம் செங்கல்பட்டிலேயே நிறுத்து" என்கிறீர்கள். என் அம்மா முழங்கால் வலியோடு திருநெல்வேலியிலிருந்து வருகிறவர். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு அங்கே இறங்கி, நாம் தொங்குகிற இதே லோக்கலில் ஏற வேண்டுமா? சொல்லுங்கள்.

"மெட்ரோவில் முடிகிறதே?" முடியும். அது தனிப்பாதை, வேறு வண்டி குறுக்கே வராது. கதவு தானாக மூடும். நமக்கு ஒவ்வொரு நிலையத்திலும் முண்டியடித்து ஏற 20 விநாடி கூடினால், பத்து நிலையத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விடும். நீங்கள் கேட்கிற அடுத்த வண்டிக்கான இடம் அந்த மூன்று நிமிடம்தான். கடற்கரை நிலையத்தில் வண்டி திரும்ப வேண்டாமா? ஓட்டுநர் 12 பெட்டி நீளமும் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அங்கே இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். அதுவரை அந்த நடைமேடை காலியாகாது.

பாதை போடச் சொல்லிக் கேளுங்கள், நானும் வருகிறேன். கடற்கரை–எழும்பூர் நடுவே நாலாவது பாதைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை வேளச்சேரிப் பறக்கும் ரயிலைக் கடற்கரை வரை விடாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். நாலு கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பதினாலு மாதம். அப்போதும் நான் பொறுமையாக இருப்போம் என்று எழுதினேன், அப்போதும் திட்டினீர்கள். பாதை வேண்டும், ஆனால் பாதை போடும்போது யாருக்கும் சிரமம் கூடாது என்றால் எப்படி?

என்னை அடிவருடி என்று எழுதியவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே பெட்டியில் வருகிறவர்கள். அதுதான் தாங்கவில்லை. கூட்டத்தில் நசுங்குவது எனக்கு மட்டும் சுகமா? நாளைக் காலையும் அதே மூன்றாவது பெட்டியில், கதவோரமாகத்தான் நிற்பேன். வந்து நேரில் கேளுங்கள்.