சின்னப் புள்ளைங்கள வரிசைல நிக்க வெச்சா அது பி.டி. பீரியட் இல்ல

ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் பி.டி. எடுக்குறவங்க, அப்புறம் பி.டி.க்குன்னு தனியா ஆளே இல்லாம கிளாஸ் டீச்சரே கிரவுண்டுக்கு கூட்டிட்டு போற ஸ்கூல்ல இருக்குறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க.

நான் பி.டி. டீச்சர்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், நாப்பது வாண்டுகள வெளிய விட்டா எப்படிங்க மேய்க்கிறீங்க? விசில், பிரம்பு, அதட்டல்னு ஏதாவது சொல்லுவேன்னு எதிர்பாக்குறாங்க. இந்த வேலைல இருந்து பாத்த வரைக்கும் நான் உறுதியா நம்புறது வேற. சின்னப் பசங்க கிரவுண்டுல கலாட்டா பண்றதுக்கு முக்காவாசி காரணம், நாம அவங்கள சும்மா நிக்க வைக்கிறதுதான்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. நாப்பது பேர், ஒரே வரிசை, ஒரே பந்து. ஒருத்தன் வந்து எறிஞ்சு, பந்த எடுத்துட்டு வந்து அடுத்தவன்கிட்ட குடுக்க இருபது செகண்ட்னு வெச்சா ஒரு ரவுண்டு முடியவே 13 நிமிஷம் ஆகும். கிளாஸ்ல இருந்து இறங்கி வந்து, செருப்ப கழட்டி, வரிசை கட்டின நேரம் போக அரைமணி நேரம் மிச்சம்னா, ஒரு புள்ளைக்கு ரெண்டு தடவதான் பந்து கைக்கு வரும். மிச்ச நேரமெல்லாம் முன்னாடி நிக்கிறவன் முதுக பாத்துட்டே நிக்கணும். ஏழு வயசுப் புள்ள நிக்குமா? முன்னாடி இருக்குற சடைய இழுக்கும், மண்ண அள்ளிப் போடும், பக்கத்துல நிக்கிறவன தள்ளும். உடனே நாம அவன தனியா கூப்புட்டு முட்டி போட வைக்கிறோம். 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்க ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாம குடுக்குற பீரியட்ல ஒரு நிமிஷம் கூட தேறல.

அதனால வரிசைய உடைங்க. நாலு நாலு பேரா பத்து குரூப், இல்ல ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. பந்து இல்லன்னா பழைய நியூஸ்பேப்பர நல்லா கசக்கி உருட்டி மேல செல்லோ டேப் சுத்துங்க, ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்கு எறிஞ்சு பிடிக்க அது தாராளமா போதும், மூஞ்சில பட்டாலும் வலிக்காது. ஒரு காஸ்ட்லி கிரிக்கெட் செட் வாங்குற காசுக்கு இருபது டென்னிகாய்ட் ரிங் (எறிஞ்சு பிடிக்கிற ரப்பர் வளையம்) வாங்கலாம், இருபது ரிங் இருந்தா நாப்பது பேரும் ஒரே நேரத்துல ஆடலாம்.

அடுத்தது அவுட் ஆக்குற விளையாட்டு. யாரு முதல்ல அவுட் ஆவாங்க? கொஞ்சம் குண்டா இருக்குற புள்ள, மெதுவா ஓடுற புள்ள. அதாவது யாருக்கு ஓட்டம் அதிகமா தேவையோ அந்தப் புள்ளதான் மரத்தடில போய் உக்காருது, அங்க உக்காந்து போர் அடிச்சு சண்டை இழுக்குது. லாக் அண்ட் கீ ஆட விடுங்க, மாட்டினவன அடுத்தவன் தொட்டு விடுவிச்சிடலாம், யாரும் வெளிய போக வேண்டாம். வேற எந்த விளையாட்டா இருந்தாலும், அவுட் ஆனா அந்த சுண்ணாம்புக் கோடு வரைக்கும் நொண்டி அடிச்சுட்டு போய் தொட்டுட்டு திரும்ப உள்ள வரலாம்னு ஒரு ரூல் போடுங்க. இந்த ஒரு மாத்தத்துலயே பாதி பஞ்சாயத்து குறையும்.

டீம் பிரிக்கிறதும் அப்படித்தான். ரெண்டு கேப்டன நிக்க வெச்சு ஒவ்வொருத்தரா கூப்புட சொல்றத தயவு செஞ்சு விட்டுடுங்க. கடைசி வரைக்கும் யாரும் கூப்புடாம நிக்கிற அந்தப் புள்ள மூஞ்ச ஒரு தடவ கிட்ட போய் பாருங்க. கால் விரலால மண்ணுல எதையாவது கிறுக்கிட்டே நிக்கும், தல நிமிராது, கடைசில ரெண்டு டீமும் "நீ வெச்சுக்க", "வேணாம், நீயே வெச்சுக்க"னு அது காது கேக்கவே பேரம் பேசும். சாட் பூட் த்ரீ போட்டா ஒரு நிமிஷத்துல டீம் பிரிஞ்சிடும், யாருக்கும் மனசு நோகாது.

விளையாட்ட எங்க சொல்லிக் குடுக்குறோம்ங்கறதும் முக்கியம். கிரவுண்டுக்கு போனப்புறம் எவனும் காது குடுக்க மாட்டான், அது அவங்க தப்பு இல்ல, வெளிக்காத்து பட்டதும் ஓடத்தான் தோணும். அதனால கிளாஸ்ரூம்லயே, வெளிய போறதுக்கு முன்னாடி, போர்டுல ஒரு கட்டம் போட்டு ரெண்டு மூணு வரில சொல்லிடுங்க. கிரவுண்டுல எதாவது சொல்லியே ஆகணும்னா வெயில் உங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி நீங்க நில்லுங்க, அவங்களுக்கு முதுகுப் பக்கம் வெயில் இருக்கட்டும், கண்ண சுருக்கிட்டு நிக்கிற புள்ள எதையும் கவனிக்காது. ரோடு பாத்த மாதிரியும் நிக்க வைக்காதீங்க. பந்த கைல குடுக்குறதுக்கு முன்னாடியே சொல்ல வேண்டியத சொல்லி முடிச்சிடணும், கைல பந்து வந்துட்டா காது மூடிடும்.

விசில பத்தி எனக்கு கண்டிப்பான ஒரு அபிப்பிராயம் உண்டு. விசில் ஒரே ஒரு விஷயத்துக்குதான், நில்லு. எல்லாத்துக்கும் ஊதிட்டே இருந்தா அது யார் காதுலயும் ஏறாது, நெஜமாவே ஒருத்தன் கீழ விழுந்து அடிபட்டு எல்லாரையும் நிறுத்தணும்னாலும் நிக்க மாட்டாங்க. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் முதல் சில வாரம் இதையே விளையாட்டா ஆடுங்க, ஓடு, விசில் அடிச்சா சிலை, பந்து இருந்தா ரெண்டு காலுக்கு நடுவுல. அவங்களுக்கு அது ஜாலி, நமக்கு வருஷம் முழுக்க தொண்டை தப்பிக்கும். தண்ணிக்கும் இதே மாதிரி ஒரு பழக்கம் வேணும், ஒருத்தன் "தண்ணி மிஸ்"னா மொத்த கிளாஸுக்கும் தாகம் எடுக்கும், பாட்டில எல்லாம் கோட்டு ஓரமா வெச்சுட்டு நடுவுல எல்லாருமா ஒரு தடவ குடிச்சா முடிஞ்சுது.

சேட்டை பண்றவன லீடராக்குனு எல்லாரும் சொல்லுவாங்க. பாதிதான் சரி. ரிங் பை தூக்குறது, கோடு போடுறதுன்னு வேலை குடுத்தா அவன் அடங்குவான் உண்மைதான், ஆனா வருஷம் பூரா அவனையே வெச்சிருந்தீங்கன்னா அவன் கைல ஒரு குச்சி வந்துடும், நாம அடிக்காத அடிய அவன் அடிப்பான். வாரா வாரம் ஆள மாத்துங்க, பொண்ணுங்களும் அதுல வரணும், வாயே திறக்காத புள்ளயும் வரணும்.

இப்ப நான் கோவமா பேசுற இடத்துக்கு வரேன். கிரவுண்ட சுத்தி அஞ்சு ரவுண்டு ஓடு, தோப்புக்கரணம் போடுன்னு தண்டனை குடுக்குறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாதுன்னு தெளிவா சொல்லுது, அது ஒரு பக்கம். பி.டி. டீச்சரா எனக்கு அதுக்கும் மேல ஒரு வலி இருக்கு. ஓட்டம்தான் நம்ம பாடம். அதையே தண்டனையா குடுத்தா அந்தப் புள்ள பெரியவனானப்புறம் எப்படிங்க ஆசைப்பட்டு ஓடும்? கணக்கு டீச்சர் தண்டனையா நூறு கணக்கு குடுத்துட்டு கணக்கு மேல ஆசை வரலயேன்னு வருத்தப்பட முடியுமா?

அதே மாதிரி ஹோம்வொர்க் முடிக்கலன்னா பி.டி. கட்டுன்னு கிளாஸ்ல உக்கார வைக்கிறது. ரொம்ப துறுதுறுன்னு இருக்குற புள்ளதான் பெரும்பாலும் ஹோம்வொர்க் முடிக்காது, அதுக்குதான் ஓட்டம் ரொம்ப தேவை, அதையே புடுங்கிட்டு மத்தியானம் அது கிளாஸ்ல அடங்கி உக்காரணும்னா எப்படி? பி.டி. பீரியட கடன் வாங்காதீங்கன்னு உதயநிதி ஸ்டாலினே மேடைல சொல்லியும் பல இடத்துல இன்னும் நடந்துட்டுதான் இருக்கு.

இன்னொண்ணு, ஸ்கூலுக்கே போலீஸ்காரர் வேலை பி.டி. சார் தலைலதான். லேட்டா வந்தவன், முடி வெட்டாதவன், எவன் தப்பு பண்ணாலும் "பி.டி. சார்கிட்ட அனுப்பிடுவேன்". காலைல பூரா நம்மள காட்டி பயமுறுத்திட்டு மத்தியானம் அதே புள்ள நம்மகூட சிரிச்சு விளையாடணும்னா எப்படி? ஹெச்.எம்.கள் இத யோசிக்கணும்.

சட்டத்துலயே ஒரு ஓட்டை இருக்கு. அந்த 2009 சட்டத்தோட அட்டவணைல உடற்கல்விக்கு பகுதிநேர ஆசிரியர்னு சொல்லியிருக்கறது ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான், அதுவும் நூறு பேருக்கு மேல படிச்சா. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அந்தப் பேச்சே இல்ல. ஓடவும் தாவவும் எறியவும் உடம்பு பழகுற வயசே அதுதான். அரசாங்கம் தொடக்கப் பள்ளிக்கும் ஆள் போடணும், நாலஞ்சு ஸ்கூலுக்கு ஒருத்தரா போட்டாக்கூட பரவால்ல.

ஆனா விளையாட்டு மைதானம் இருக்கணும், ஒவ்வொரு கிளாஸுக்கும் தேவையான விளையாட்டுப் பொருள் குடுக்கணும்னும் அதே அட்டவணைல இருக்கு. அரசு ஸ்கூல்ல புள்ளைங்கள படிக்க வைக்கிற பேரண்ட்ஸ், அடுத்த எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துக்கு போறப்ப மூணே மூணு கேளுங்க. எங்க புள்ளைக்கு வாரத்துல எத்தன பி.டி. பீரியட், போன வாரம் அதுல எத்தன நடந்துச்சு, நாப்பது பேருக்கு எத்தன பந்து இருக்கு.